பதினாலாவது கேள்வி

என் தங்கை பிரகதீஸ்வரி எம்.எஸ்சி. மனையியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ரசம் வைக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருடமா, அதற்குத் தினமும் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டுமா என்று கேட்டேன். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அம்மா பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை அப்படியே நிறுத்திக்கொண்டு சொன்னாள்:

"அவ பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து கூட இருந்தா ஒனக்கு என்னடா வலிக்குது?"

எனக்கு வலிக்கத்தான் செய்தது. முப்பத்தொரு வயது. தங்கையைக் கட்டிக்கொடுக்காமல் நான் கல்யாணம் பண்ண முடியாது. அப்பா மாரடைப்பில் போனபோது பிரகதி எட்டாவது படித்தாள். அன்றிலிருந்து வல்லத்திராக்கோட்டை கடைவீதியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டி இந்தக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு வருகிறவன் நான். பி.எஸ்சி. முடித்த கையோடு அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டால் என் பாடு ஓய்ந்தது என்று இருந்தேன். அவள் என்னடாவென்றால் இன்னும் இரண்டு வருடம் என்கிறாள். எங்கள் தெருவிலேயே முதல் எம்.எஸ்சி. அவள்தான். அந்தப் பட்டம் இருந்தால் ஊட்டச்சத்து வேலைகளுக்கு எழுதிப் போடலாம் என்றாள். அம்மா தலையாட்டிவிட்டாள். அப்புறம் என் பேச்சை யார் கேட்பது?

மனையியல் என்றால் சமையல் மட்டும் இல்லை என்பதை அவள் எனக்கு விளக்கி விளக்கியே களைத்துப்போனாள். குழந்தை எப்படி வளர்கிறது, வீட்டில் இருக்கிற நேரத்தையும் பொருளையும் யார் எப்படிச் செலவழிக்கிறார்கள், வாங்குகிற பொருளில் ஏமாறாமல் இருப்பது எப்படி, உடம்புக்கு என்ன சத்து எவ்வளவு வேண்டும், எல்லாம் அதற்குள் வருமாம். படிப்பு முற்ற முற்ற அவளோடு கடைக்குப் போவதே வெட்கக்கேடாகிவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பாள். புதுக்கோட்டையில் ஒரு கடைக்காரரிடம் தேதி முடிந்த ரவையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நியாயம் பேசினாள். நான் வண்டி ரிப்பேரான மாதிரி குனிந்து உட்கார்ந்துகொண்டேன். இதை வீட்டில் சொன்னபோது அம்மா ஒரு வாரத்துக்குத் தெருவெல்லாம் அதே கதையைத்தான் சொல்லித் திரிந்தாள்.

அம்மா பேர் மீனம்மாள். அவளைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன். ஒரு பசு மாடு, முக்கால் ஏக்கர் கடலைக் கொல்லை, நாங்கள் இரண்டு பேர். விடிவதற்குள் எழுந்துவிடுவாள். அலமாரித் தட்டுகளுக்கு எந்தக் காகிதம் கிடைத்தாலும் மடித்து விரிப்பாள். போன வருடக் காலண்டர், என் கடை பில் புத்தகத்து அட்டை, பிரகதியின் பழைய நோட்டு, எதுவும் வீணாகாது. எனக்குச் சோறு போடுவாள், பிரகதிக்குப் போடுவாள். நாங்கள் கை கழுவி எழுந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். "சாப்புட்டியாம்மா" என்றால் "ஆச்சு" என்பாள். உலகத்தில் எல்லா அம்மாக்களும் அப்படித்தானே என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருடத்தில் பிரகதி ஆய்வு எழுத வேண்டும். அவளுக்கு வழிகாட்டி பிளெஸ்ஸி மேடம். மெல்லிய குரல், ஆனால் ஒரு எண் தப்பாக இருந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிடுவார் என்று பிரகதி சொல்லுவாள். எங்கள் பக்கத்து ஊர்களில் கொல்லை வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற முப்பது பெண்கள் ஒரு நாளைக்கு உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்து எழுதுவதுதான் ஆய்வு. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள், பக்கத்துப் பக்கத்து வீடுகளாக ஒரே சமயத்தில் இரண்டு. அதற்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்தாள். பதினெட்டுக் கேள்வி. அதை முதலில் ஐந்து பேரிடம் கேட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். தெருவில் நாலு பேரைப் பிடித்தாள். ஐந்தாவது ஆள் அம்மா.

அம்மா முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். போட்டோ பிடிக்கப் போகிறார்களோ என்னமோ என்று நான் கேலி செய்தேன். நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டாய் என்று பிரகதி கேட்க, அம்மா ஒப்பித்தாள். இட்லி மூன்று, தேங்காய்ச் சட்டினி. மத்தியானம் சோறு, முருங்கைக்கீரை, ஒரு முட்டை. முட்டையை நான்தான் தின்றேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இது சோதனைக்குத்தானே, சேர்க்கப் போவதில்லையே என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொந்த வீட்டை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது விதி. சோதனை முடிந்து, மேடத்தோடு பேசி, ஒரு கேள்வியை எடுத்துவிட்டுப் பதினேழாக்கிப் புதுத் தாள் அச்சடித்தாள். பழைய தாள் ஐந்தும் எங்கே போயின என்று யாரும் தேடவில்லை.

ஐப்பசியில் ஆரம்பித்தாள். எடை மெஷின், அளவுக் கிண்ணம், நாலு சைஸ் கரண்டி எல்லாம் ஒரு பையில். கடைக்குப் போகிற வழியில் நான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். முதல் வாரம் உற்சாகமாக இருந்தாள். ஊரில் எல்லாப் பெண்களும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் அண்ணே, புத்தகத்தில் இருப்பதெல்லாம் பொய் என்றாள்.

செவந்தி வீட்டில்தான் அவளுக்கு உண்மை தெரிந்தது. செவந்திக்கு முப்பது வயதிருக்கும். மாமியார், புருசன், மூன்று பிள்ளைகள். மூன்றாவது கைக்குழந்தை. பிரகதி போய் உட்கார்ந்ததும் தட்டில் சோறு போட்டு நீட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த ஆளை வெறும் வயிற்றோடு உட்கார வைத்துவிட்டு எந்தப் பெண் சாப்பிடுவாள்? வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள் என்று இவளும் சாப்பிட்டிருக்கிறாள். மூன்று நாளும் அப்படி. மூன்றாம் நாள் குடையை மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனபோது, செவந்தி அடுப்படியில் உட்கார்ந்து வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். பிரகதி மூன்று நாளும் தின்றது செவந்தியின் பங்கு.

அன்று கடைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பால் கொடுக்கிறவள் சோற்றைத் தின்றுவிட்டு, அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதி வைத்திருக்கிறேன் என்றாள். போன எட்டு வீட்டிலும் இதேதான் நடந்திருக்கும் என்றாள். எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அதன் பிறகு எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. அம்மா கட்டிக்கொடுக்கிற டிபன் பாக்ஸோடு போவாள். போனதும் அதைத் திறந்து வைத்துவிடுவாள். யாரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்பதில்லை. சமைத்ததும் சட்டியை எடை போடுவாள், எல்லாரும் சாப்பிட்ட பிறகு மறுபடி போடுவாள்.

"வாயைக் கேக்கக் கூடாதுண்ணே. சட்டியைத் தெறந்து பாக்கணும். பொம்பளைங்க என்ன சமைச்சாங்களோ அதைத்தான் சாப்புட்டதாச் சொல்லுவாங்க" என்றாள்.

மாட்டுத் தொழுவத்தில் கழனித்தொட்டி ஒன்று இருக்கிறது. கார்த்திகை மாதம், ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவன் கழனித்தண்ணீரில் சோறு மிதப்பதைப் பார்த்தேன். பருக்கை இல்லை, ஒரு ஆள் சாப்பிடுகிற சோறு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தாலும் அப்படியே. எனக்கு வந்ததே கோபம். நான் விரல் தேயக் காயில் சுற்றுகிறேன், இங்கே மாட்டுக்கு விருந்து நடக்கிறதா என்று அம்மாவைச் சத்தம் போட்டேன். பழைய சோறு, புளித்துவிட்டது என்றாள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். அதன் பிறகு தொட்டியில் சோறு மிதக்கவில்லை. கரைத்து ஊற்றக் கற்றுக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் சத்தத்தால் அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். 

அம்மா மெலிந்தாள். கண்ணில் படாமல் இல்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. பிரகதி கேட்டதற்கு வெயில் என்றாள், அடைமழை பெய்துகொண்டிருந்த மாதத்தில். நாங்கள் அதையும் ஏற்றுக்கொண்டோம். பிரகதிக்கு முப்பது வீடு, எனக்கு என் கடை. எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே எந்தக் காயில் போயிற்று என்று சொல்லிவிடுவேன் என்று ஊரில் எனக்குப் பேர். பெற்றவள் உருகுவது எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சட்டியைப் பிரகதி திறந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அது தினமும் காலியாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் முப்பதாவது வீடு முடிந்தது. மறுநாள் வாசலில் பொங்கல் வைத்து இறக்கியதும், பிரகதிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இலையில் இருந்த சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் எடுத்து, "முடிஞ்சிருச்சும்மா, ஆ காட்டு" என்று அம்மா வாயில் ஊட்டிவிட்டாள். அம்மா தடுக்கப் பார்த்தாள். பிள்ளை ஆசையாக ஊட்டுகிறதே என்று வாங்கிக்கொண்டாள். அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விழுங்கப் பார்த்தாள். கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. குழையக் குழைய வெந்த பொங்கல். ஒரு பிடிகூட இல்லை.

அன்றுதான் அம்மா ஒரு வாய் உணவை விழுங்க முயல்வதை நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம்.

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. நெஞ்சுக்குள் பரவியிருந்தது. எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிரகதியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. அம்மாதான் சொன்னாள், ஆடி மாதத்திலிருந்து என்று. ஆடியில் இட்லி நின்றது, புரட்டாசியில் குழைந்த சோறு நின்றது, அதற்கப்புறம் கஞ்சித்தண்ணிதான். டாக்டர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை என்று வார்டில் வைத்தே நான் சத்தம் போட்டேன். எனக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்திரையோட படிப்பு முடிஞ்சுரும்னு சொன்னாள்ல. அதுவரைக்கும் ஓட்டிரலாம்னு பாத்தேன்டா."

அறுவை சிகிச்சைக்கெல்லாம் உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரகதி காலேஜுக்கு லீவு எழுதிப் போட்டாள். அவள் படித்த படிப்பெல்லாம் அந்தக் குழாய்க்குள் போனது. கேழ்வரகை முளைகட்டி வறுத்து மாவாக்கிக் கஞ்சி, பால், முட்டையின் வெள்ளை, பருப்புத் தண்ணீர், எல்லாவற்றையும் மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இருநூறு மில்லி. சுவரில் ஒரு தாளை ஒட்டி, எத்தனை மணிக்கு என்ன, எவ்வளவு என்று எழுதினாள். எங்கள் அம்மா ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறாள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த இரண்டரை மாதமும் குழாயில் ஊற்றும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடையைச் சாத்திவிட்டு அதற்காகவே வருவேன். ஒருநாள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். "என்னடா ரெண்டு பேரும் வாயைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க" என்றாள். அவளுக்கு அது கூச்சமாக இருந்தது. ஆள் பார்க்கச் சாப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

பங்குனி கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மா போய்விட்டாள். ஒன்பது மணிக்கு ஊற்ற வேண்டிய கஞ்சி வடிகட்டித் தயாராக இருந்தது. யாரோ ஒரு பெரியம்மா அதைக் கொட்டப் போனபோது பிரகதி பிடுங்கிக்கொண்டு போய் மாட்டுக்கு ஊற்றிவிட்டு, தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டைக் கழுவி வெள்ளையடிக்க வேண்டும். அடுப்படி அலமாரியிலிருந்த டின்களை நான் இறக்கினேன். உப்புச் சாடிக்குக் கீழே மடித்து விரித்திருந்த தாளை உருவியபோது பிரகதியின் கையெழுத்து தெரிந்தது. சோதனைக்கு அம்மாவிடம் கேட்டு எழுதிய அந்தப் பழைய தாள். இட்லி மூன்று, முட்டை ஒன்று எல்லாம் இருந்தது. பதினாலாவது கேள்வி வரை படித்தேன். அப்புறம் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைக்குப் போய் மேசை டிராயரில், செம்புக் கம்பி உருண்டைகளுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். இதைப் பிரகதி பார்க்கக் கூடாது என்றுதான் அன்று நினைத்தேன்.

பிளெஸ்ஸி மேடம் துக்கத்துக்கு வந்திருந்தார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், நவம்பர் வரை அவகாசம் வாங்கித் தருகிறேன், அவளை அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. பிரகதி அந்தப் பையைத் தொடவில்லை. சமைப்பாள், மாட்டைப் பார்ப்பாள், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், முப்பது பேர் தட்டைப் பார்த்தவளுக்குப் பெற்றவள் தட்டைப் பார்க்கத் தெரியவில்லை, எனக்கு எதற்குப் பட்டம் என்பாள்.

ஆடி மாதம் ஒரு காலையில் பழைய பேப்பர்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தியிருந்தார். பிரகதி அந்த முப்பது வீட்டுத் தாளையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைத்தாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அம்மா எதற்காக வாயை மூடிக்கொண்டு செத்தாளோ அது தராசில் கிடக்கிறது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வந்தேன். பேப்பர்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"இதையும் சேத்துப் போடு" என்று அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அப்படிச் செய்திருக்கக் கூடாது. என் புத்தி அப்படி.

அவள் வாங்கிப் படித்தாள். பதினாலாவது கேள்வி இதுதான்: "நீங்கள் சாப்பிடும்போது அருகில் இருப்பவர் யார்?" கீழே கணவர், பிள்ளைகள், மாமியார், யாரும் இல்லை என்று நாலு கட்டம். அம்மாவின் தாளில் கடைசிக் கட்டத்தில் டிக். அந்தத் தாள் முழுவதிலும் அம்மா சொன்ன ஒரே உண்மை அதுதான். அதன் மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் பிரகதியின் கையெழுத்து: "நீக்கவும். ஐந்து பேரும் ஒரே பதில். பயன் இல்லை."

எல்லாரும் ஒரே பதில் சொல்கிற கேள்வியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாதாம். அவர்கள் படிப்பில் அது விதி. அவள் விதிப்படிதான் செய்திருக்கிறாள்.

பேப்பர்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு கட்டைத் தராசிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பிரகதி அழவில்லை. அந்தத் தாளைத் தடவிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தாள். உப்புச் சாடியின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. நான் மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எழுந்துவிட்டாள்.

"வண்டிய எடுண்ணே. செவந்தி வீட்டுக்குப் போகணும்."

முப்பது வீட்டுக்கும் மறுபடி போனோம். இந்த முறை எடை மெஷின் இல்லை, கரண்டி இல்லை. ஒரே ஒரு கேள்வி. நான் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன், எல்லாம் காதில் விழும். நிறையப் பேர் சிரித்தார்கள். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே என்றார்கள். ஒருத்தி, யாரு இருப்பா, பூனை இருக்கும் என்றாள். கோபப்பட்டவர்களும் உண்டு, என் வீட்டுக்காரர் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார் என்று. செவந்தி சிரிக்கவில்லை. இடுப்பில் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டாள்.

"தலைப்பேறுக்கு எங்காத்தா வீட்டுக்குப் போனப்ப எங்காத்தா பக்கத்துல ஒக்காந்து போட்டுச்சு. ரெண்டு மாசம். அதோட சரி. நீ எழுதிக்க, யாரும் இல்லைன்னு."

நவம்பரில் ஆய்வைச் சமர்ப்பித்தாள். கடைசி நாளுக்கு முந்தின நாள். அதில் பதினெட்டு அட்டவணை. அதில் ஒன்றில் ஒரே ஒரு வரி. யாரும் இல்லை: முப்பது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாராம், ஒரே பதில் வருகிற கேள்விக்கு ஒரு அட்டவணையா, இதனால் என்ன தெரிகிறது என்று. பிளெஸ்ஸி மேடம்தான் அப்புறம் இதை எனக்கு போனில் சொன்னார்.  பிரகதி சொன்னாளாம்:

"இந்த முப்பது பேர்ல யாருக்காவது நாளைக்குச் சோறு எறங்கலைன்னா, அதைப் பாக்க ஒரு ஆள் இல்லைன்னு தெரியுது சார்."

அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டாராம்.  முதல் வகுப்பு.

தேர்வு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு. மத்தியானம் பிரகதி எனக்குச் சோறு போட்டாள். வஞ்சிரம் கிடைத்ததென்று குழம்பு வைத்திருந்தாள். அவள் பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து சேர்ந்துவிட்டது, இனி மேடம் என்றுதான் கூப்பிட வேண்டுமா என்று நான் கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு. இரண்டாவது தடவை குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கப் போகிற நேரத்தில்தான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். அம்மா நிற்கிற அதே இடம்.

"நீ சாப்புட்டியா?" என்றேன். 

"ஆச்சுண்ணே. அப்பவே."

நான் எச்சில் கையோடு எழுந்து அடுப்படிக்குப் போனேன். இடது கையால் சோற்றுச் சட்டியைத் திறந்தேன். ஒரு ஆள் சோறு அப்படியே இருந்தது. குழம்புச் சட்டியில் தலைத்துண்டு மட்டும். கழுவுகிற இடத்தில் ஒரு தட்டுகூட இல்லை.

அவள் பின்னாலேயே வந்து நின்றாள். சட்டியையும் என்னையும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நெசமா நான் வேணும்னு சொல்லலண்ணே" என்றாள். "அதுவா வாயில வந்துருச்சு."

நான் ஒரு தட்டை எடுத்து அந்தச் சோற்றைப் போட்டேன். என் தட்டில் தொடாமல் மிச்சமிருந்த மீன் துண்டை எடுத்து வைத்தேன். அவளை அங்கேயே, அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தேன். நானும் எதிரே உட்கார்ந்தேன். கை காய்ந்துகொண்டிருந்தது. அவள் பிசைந்தாள், ஒரு வாய் எடுத்தாள், மென்றாள், விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஆடி மாதத்திலிருந்து பொங்கல் வரை ஒரே ஒரு நாள் நான் இந்த இடத்தில் இப்படி உட்கார்ந்திருந்தால் போதும், என் அம்மாவைப் பார்த்திருப்பேன்.